இடது பக்கத்துப் பொத்தான்

செட்டர் அண்ணனின் இடது கை விரல் நுனிகள் காய்த்துப்போய் நகத்தைவிடக் கெட்டியாக இருக்கும். டீ வரும்வரை அந்த நுனிகளால் இரும்பு மேஜையில் தட்டிக்கொண்டிருப்பார். கிட்டார் கம்பிகளை வருஷக்கணக்கில் அழுத்தி வந்த காய்ப்பு அது. அம்பத்தூர் எஸ்டேட்டின் ஒரு பின்தெருவில், தகடு வெட்டும் பிரஸ் மிஷின்கள் ஓடிய சின்னக் கம்பெனியில் நாங்கள் வேலை பார்த்தோம். மிஷினில் தகட்டை வெட்டும் அச்சைப் பொருத்தித் தருபவர்தான் செட்டர். அந்த வேலையில் தலை நரைத்த பிறகும் பத்து விரலும் முழுசாக இருப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அவருக்குப் பத்தும் இருந்தன. அவர் மேஜையில் தட்டும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

டீ நேரத்தில் எங்களுக்கு ஒரே பேச்சுதான். உலகத்திலேயே பெரிய கிட்டார்காரர் யார்? ஸ்டோர் கீப்பர் வெளிநாட்டுக் கட்சி. முடி வளர்த்த ஒரு வெள்ளைக்காரரின் படத்தை ஸ்டோர் கதவில் ஒட்டியே வைத்திருந்தார். நான் உள்ளூர்க் கட்சி. சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்துவிட்டு, முகம்கூட யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குப் போனவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்துவேன். பெயர்களைச் சொன்னால் இன்றைக்கும் சண்டை வரும், விட்டுவிடுகிறேன். இரண்டாம் ஷிப்டுக்கு வரும் பாரிவாக்கத்து நண்பன் ஒருவன் இந்தச் சண்டையைக் கேட்பதற்காகவே அரைமணி முன்னால் வந்து என் பக்கம் நிற்பான். எங்கள் இருவரின் மனசிலும் இருந்த ஆள் செட்டர் அண்ணன்தான். ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் ஒரு மெல்லிசைக் குழுவோடு அவர் வாசிக்கும்போது நாங்கள் முதல் வரிசையில் இருப்போம். அவரிடமே கேட்டால், "வாசிக்கத் தெரியாதவன்தான் இதெல்லாம் பேசிக்கினு கீறான்" என்பார். உண்மைதான். எங்கள் மூவரில் ஒருவனுக்கும் கிட்டாரைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாது. அதனால்தான் அவ்வளவு ஆவேசம்.

ஒரு ஆடி மாசம், பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பக்கம் கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. தன் வெள்ளைக்காரர் வாசித்த ஒரு நீளமான பகுதியைச் சொல்லி ஸ்டோர் கீப்பர் வம்புக்கு இழுத்தார். "அத்த மட்டும் உங்க அண்ணாத்தே தப்பு இல்லாம வாசிச்சுட்டா, நான் வாயை மூடிக்கினு போறேன்." அண்ணனைக் கேட்காமலே நான் ஒப்புக்கொண்டேன். தெரிந்ததும் என்னைத் திட்டித் தீர்த்தார். ஆனால் மறுநாளே, உடைந்த பழைய கிட்டார் ஒன்றின் கழுத்துப் பகுதியை வேலைக்கு எடுத்து வந்தார். அந்த மாசம் ஆள் குறைவு; அச்சைப் பொருத்திய கையோடு அவரே மிஷினிலும் நிற்க வேண்டியிருந்தது. பயிற்சிக்கு வேறு நேரம் கிடையாது.

எங்கள் மிஷினில் இடமும் வலமுமாக இரண்டு பொத்தான்கள். இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் மேலே இருக்கும் அச்சு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்கு அடியில் இருக்க முடியாது என்பது கணக்கு. அவருக்கோ இடது கை காலியாக வேண்டும். இடது பொத்தானுக்கும் அதன் மேலே வளைந்திருக்கும் இரும்பு மறைப்புக்கும் நடுவே செருகுவதற்குப் பொருத்தமாக ஒரு மரத்துண்டைச் சீவிக் கொடுத்தது நான். செருகினால் இடது பொத்தான் அழுந்தியே இருக்கும்; பழைய மிஷின், ஏமாற்றினால் அதற்குத் தெரியாது. வலது கையால் தகட்டை வைத்து, அதே கையால் பொத்தானை அழுத்துவார். இடது கை மடியிலிருந்த கிட்டார்க் கழுத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை அச்சு இறங்கும்போதும் நான் அந்த இடது கையைத்தான் பார்ப்பேன். கட்டையை எடுத்துவிடுங்கள் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. வாய்ச்சண்டையில் ஜெயிக்க வேண்டும் என்ற வெறி எனக்கு.

கச்சேரி நாள் மத்தியானம் அவர் சீக்கிரம் கிளம்பினார். கை கழுவப் போகும்போது, "டேய், அந்தக் கட்டையை எடுத்துடு" என்றார். "சரிண்ணே" என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல். ஸ்டோர் கதவருகே நான் வாதத்தின் உச்சத்தில் இருந்தேன். வேகம் பெரிசா, சுத்தம் பெரிசா என்று போய்க்கொண்டிருந்தது. ஸ்டோர் கீப்பர் கதவிலிருந்த படத்தைக் காட்டிக் கையை ஆட்டினார். அவர் வாயிலிருந்து ஒரு "ஆமாம்" வாங்கிவிட வேண்டும் என்று நின்றேன். பாரிவாக்கத்து நண்பன் எங்களைத் தாண்டி, "வுடாத மச்சான்" என்று என் முதுகில் தட்டிவிட்டு, அண்ணன் விட்டுப்போன மிஷினுக்குப் போனான்.

எங்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. இடது கை அச்சுக்கு அடியில் இருக்கும்போதே வலது பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொள்வோம். இடது கையால் தகட்டைக் கடைசியாக ஒரு நகர்த்து நகர்த்திவிட்டு, இடது பொத்தானுக்கு வருவோம். அதுவரை மிஷின் காத்திருக்கும் என்ற தைரியம். அன்றைக்குக் கட்டை இன்னும் செருகியே இருந்தது; மிஷின் காத்திருக்கவில்லை.

அவன் கத்தவில்லை. மிஷின் சத்தம் நின்ற பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்த அண்ணன்தான் ஓடிவந்து, தன் கச்சேரிச் சட்டையைக் கிழித்து அவன் கையில் சுற்றி, ஆட்டோவில் ஏற்றித் தானும் கூடவே போனார்; கச்சேரிக்குப் போகவில்லை. இடது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. மறுநாள் மானேஜர் கேட்டபோது, "நான்தான் வெச்சேன். எடுக்க மறந்துட்டேன்" என்றார் அண்ணன். என் பக்கம் பார்க்கவே இல்லை. என்னிடம்தான் எடுக்கச் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அப்போது எனக்குள் முதலில் வந்தது நன்றி இல்லை, நிம்மதி. எழுதவே கூசுகிறது. அவருக்கு வேலை போயிற்று. அப்புறம் அவர் கிட்டாரையும் தொடவில்லை.

போன மாசம் அந்த நண்பன் தன் மகளுக்கு மாங்காட்டில் காது குத்தினான். பந்தியில் ஸ்டோர் கீப்பர் பழைய பேச்சை எடுத்தார். எத்தனை வயசானாலும் அந்த மனுஷன் மாறமாட்டார். அண்ணன்தான் பெரிய ஆள் என்றான் நண்பன். "கச்சேரிக்கே வராதவன் இன்னா பெரிய ஆளு?" என்றார் ஸ்டோர் கீப்பர். நண்பன் இலையைப் பார்த்தபடி சொன்னான்: "அவரு இன்னும் மாசா மாசம் எங்க ஊட்டுக்கு வராரு. காலைல இங்க வந்து புள்ளைக்கு மோதிரம் போட்டுட்டு, உங்களையெல்லாம் பாக்காமலே போய்ட்டாரு. வர்றப்பல்லாம் அதே வார்த்தைதான், நான்தான்பா மறந்துட்டேன்னு."

பிறகு என் பக்கம் திரும்பினான். "அன்னிக்கு நீ கிட்டத்தான இருந்த. அவருதான் மறந்தாரா மச்சான்?"

பாயசம் ஊற்றுகிறவர் என் இலைக்கு முன்னால் நின்றார். "அவரை மாதிரி கிட்டார் வாசிக்க இந்த உலகத்துலயே ஆள் கிடையாது" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. இந்த வயசிலும் கட்சி மாறமாட்டேன் என்கிறான் என்று சொல்லி ஸ்டோர் கீப்பர் சிரித்தார். வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நண்பன் மட்டும் சிரிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.