கங்காணியின் சொத்து

கிள்ளான் ஸ்டேஷனில் கோலாலம்பூர் ரயிலுக்காகக் காத்திருக்கிறேன். மழை விட்ட விடிகாலை. எதிர்ப்பக்கச் சரக்கு ரயில் மூடுபனியில் மிதப்பதுபோல் நிற்கிறது. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துவந்த ரப்பர் தோட்டத்து ஜனங்கள் அதில் ஏறுகிறார்கள். யாரும் அழவில்லை, தூக்கத்தில் நடப்பவர்கள்போல் மெல்ல நடக்கிறார்கள். அவர்களுடைய ஈரத் துணிகளின் ரப்பர் பால் வாசம் இந்தப் பக்கம் வரை வருகிறது.

என் அருகே கறுப்புக் கோட்டுப் போட்ட இளைஞர் ஒருவர் நிற்கிறார். அவர்களை வேலை வாங்கும் கங்காணியாம்.

"நீங்களும் போறீங்களா அண்ணே?" என்கிறேன்.

"என்னைய விட்டுட்டாங்க. ஆளுங்களக் குடுத்தாப் போதும்னாங்க. குடுத்துட்டேன்." கோட்டின் கையைத் தடவிக்கொள்கிறார். "பெரிய தொரை செத்தப்ப, தோட்டத்தோட இவங்களும் அவர் மகன் சின்னத் தொரைக்குப் போனாங்க. எங்கப்பா செத்தப்ப, இந்தக் கோட்டோட இவங்களும் எனக்கு வந்தாங்க. சொத்துன்னுதான் நெனச்சிருந்தேன்."

பெட்டிக் கதவருகே நிற்கும் ஒரு பெண் அவரைப் பார்த்துவிடுகிறாள். திட்டவில்லை. கையெடுத்துக் கும்பிட்டு, "போயிட்டு வரோம் கங்காணியாரே" என்கிறாள், லீவு கேட்பவள்போல.

அவர் கோட்டைக் கழற்றி பெஞ்சில் போடுகிறார். தண்டவாளத்தைக் கடந்துபோய், காவலுக்கு நிற்கும் சிப்பாயிடம் தன்னையும் பெட்டியையும் மாறி மாறிக் காட்டுகிறார். சிப்பாய் வழிவிடுகிறான்.

"கொஞ்சம் எடம் குடுங்க" என்று உள்ளே பார்த்துக் கேட்கிறார்.

யாரும் அசையவில்லை. பிறகு அந்தப் பெண் மட்டும் ஒதுங்கி நின்று கையை நீட்டுகிறாள்.

"ஏறி வா தம்பி."