விருத்தாசலத்தில் ஒரு கறுப்புப் பொம்மை

காலை ஏழே முக்காலுக்குச் சேத்தியாத்தோப்பில் விருத்தாசலம் போகும் தனியார் பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். டிரைவருக்குப் பின்னால் டிவி. அதில் ஒருவர் இன்னொருவரைக் 'கரிச்சட்டி' என்று சொல்லி எட்டி உதைத்தார். பஸ்ஸே சிரித்தது. என்னைவிடக் கறுப்பான கண்டக்டர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன்.

"காமெடிதானேங்க, இதுல என்னா இருக்குது?" என்றார் அவர்.

என்ன இருக்கிறது என்று என் மகளைக் கேட்க வேண்டும். ஒன்பது வயது, என் நிறம். போன மாதம் பள்ளியில் தன்னையே வரையச் சொன்னபோது முகத்துக்கு ரோஸ் கலர் அடித்திருந்தாள். கேட்டால், "டிவில நல்லவங்க எல்லாம் இந்தக் கலர்தாம்மா" என்கிறாள். கறுப்பான கதாநாயகி வேண்டுமென்றால்கூட வெளுத்த நடிகைக்குக் கறுப்புச் சாயம் பூசுகிற கூட்டத்திடம் பிள்ளை வேறு எதைக் கற்றுக்கொள்ளும்? அவள் நிறத்திலேயே ஒரு பீங்கான் பொம்மை வாங்கத்தான் இந்தப் பயணம்.

ஒன்பது மணி. பஸ் நிலையத்திலிருந்து செராமிக் தொழிற்பேட்டைக்கு ஆட்டோ எண்பது ரூபாய். நான் நுழைந்த பட்டறையில் பலகை பலகையாக அம்மன் பொம்மைகளையும் மணமக்கள் பொம்மைகளையும் அடுக்கியிருந்தார்கள். எல்லாம் ரோஸ் முகம். வர்ணம் பூசிக்கொண்டிருந்த மகேஸ்வரி என்ற பெண்ணிடம் பாவாடை கட்டிய சிறுமி பொம்மை ஒன்றைக் காட்டி, கறுப்பாக அடித்துத் தரக் கேட்டேன்.

"கறுப்பா? அது அசுரனுக்குத்தாங்க கலக்குவோம்."

ஆனாலும் மறுக்கவில்லை. கால் மணி நேரத்தில் முடித்து நீட்டினாள். சிறுமியின் கண்ணில் சிவப்புக் கோடு, உதட்டோரம் இரண்டு கோரைப்பல். அந்த நிறத்தைத் தொட்டால் கை தானாக அப்படித்தான் போகுமாம்.

கத்திவிட்டேன். "உங்க கையப் பாருங்க. அதுவும் இந்தக் கலர்தானே? உங்களுக்குக் கோரைப்பல்லா இருக்கு?"

அவள் ஒரு நிமிடம் தன் கையைப் பார்த்தாள். "தப்புதாங்க. தொடச்சிட்டு வேற போடறேன். பாப்பா போட்டோ இருந்தா காமிங்க, அதே கலர்ல கலந்துடறேன்."

போனை எடுத்தேன். பிறந்தநாள், ஆண்டு விழா, கடற்கரை. ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் நானேதான் ஃபில்டர் போட்டு வெளுக்க வைத்திருந்தேன். தள்ளிக்கொண்டே போனேன். ஒன்றுகூட அவள் நிறத்தில் இல்லை. மகேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"பாப்பா செவப்பாத்தான இருக்குது. அப்புறம் எதுக்குங்க கறுப்பு?"

போனை மூடிவிட்டு என் கையை அவள் முன் நீட்டினேன். அதைப் பார்த்துப் பார்த்துக் கலக்கினாள்.

பதினொன்றரை பஸ்ஸில், செய்தித்தாளில் சுற்றிய பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். டிவிக்காரனை இனியும் திட்டத்தான் போகிறேன். ஆனால் அவனுக்கு என் மகளைத் தெரியவே தெரியாது. அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழித்தவள் நான்.