நீளமான கறுப்புப் பை

ஒரு பை வாங்கப் போய், வெளிநாட்டில் உயிரோடு இருந்த அக்காவை ஒரு பகல் பொழுதில் சாகடித்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் அன்று எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், நடந்ததற்கு நான்தான் காரணம்.

நான் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் உடற்கல்வி டீச்சர். அக்கரப்பத்தனையிலிருந்து டயகம போகும் ரோட்டில் தினமும் விடிந்ததும் சைக்கிள் ஓட்டுவேன். ஆரம்பத்தில், "டீச்சருக்கு மண்டையில ஏதோ கழண்டுருச்சு" என்று பேசினார்கள். கண்டியிலும் கொழும்பிலும் நடந்த போட்டிகளில் ஜெயித்து வந்த பிறகு அதே ஆட்கள், "எங்க டீச்சர்" என்றார்கள். அந்த வருடம் தாய்லாந்தில் நடக்க இருந்த மலையேற்றச் சைக்கிள் போட்டி ஒன்றுக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். கடிதம் வந்த அன்று வீட்டுக்குள் குதித்தேன். மறுநாள்தான் புத்தி வந்தது. நான் விமானத்தில் ஏறிவிடுவேன், சைக்கிளை எப்படி ஏற்றுவது?

விமானம் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. அக்கா ஆறு வருடத்துக்கு முன்பு வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போனவள். இரண்டு வருடம் என்று சொல்லித்தான் போனாள். ஒப்பந்தம் முடிய முடியப் புதுப்பித்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய போன் எஜமானியம்மாவின் கையில் இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் மட்டும் அவளுக்குக் கொடுப்பார்கள். மற்ற நாளில் தலைகீழாக நின்றாலும் அவளைப் பிடிக்க முடியாது. அப்பா செவ்வாய்க்கிழமை இறந்தார். அக்காவுக்கு வெள்ளிக்கிழமைதான் சொன்னோம்.

பை தேடும் படலத்தை ஹட்டனில் தொடங்கினேன். சைக்கிள் கடை முதலாளி ஓர் அட்டைப்பெட்டியை இழுத்துப் போட்டார். "புது சைக்கிள் எல்லாம் இதுலதான் டீச்சர் கப்பல்ல வருது. அதுக்கு நல்லா இருந்தா உங்களுக்கு நல்லா இல்லாமப் போகுமா?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கப்பலுக்குள் எங்கள் ஊர் மழை பெய்யாதே. பஸ்ஸுக்கு நிற்கும் அரை மணி நேரத்தில் அந்தப் பெட்டி நனைந்த அப்பளமாகிவிடும் என்று வேண்டாமென்றேன்.

கொழும்பில் என்னோடு போட்டிக்கு வரும் ஒரு பெண் தன்னுடைய கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியை இரவல் தருவதாகச் சொன்னாள். போய்ப் பார்த்தேன். பீரோ மாதிரி இருந்தது. விமானத்தில் அனுமதிக்கும் எடையில் பாதியை அந்தக் காலிப் பெட்டியே தின்றுவிடும். பெட்டியை ஏற்றி அனுப்பிவிட்டு சைக்கிளை நான் தோளில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். மடித்து வைக்கிற மாதிரி சின்னப் பைகளும் இருந்தன. அவற்றுக்கு இரண்டு சக்கரம், ஹேண்டில், பெடல், சீட் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். எனக்கு அந்த வேலை ஆகாது. ஒருமுறை துடைப்பதற்காக ஹேண்டிலைக் கழற்றி, திரும்ப மாட்டி, நேராக இருக்கிறதென்று நம்பி ஓட்டிப்போய்த் தேயிலைக் கான் என்கிற வடிகாலுக்குள் விழுந்தவள் நான். முன்சக்கரத்தை மட்டும் கழற்றிவிட்டு அப்படியே படுக்க வைக்கக்கூடிய நீளமான பைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை அளக்க ஒருநாள் அம்மாவைக் கூப்பிட்டு அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னேன். ஐந்து அடிக்கு இரண்டு விரல் குறைவாக வந்தது.

"நம்ம பெரியவ உயரம்" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் பெரியவள் ஞாபகம்தான் என்று நான் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டேன்.

அந்த அளவுக்குப் பை நுவரெலியாவில் கிடைத்தது. வெள்ளைக்காரர் ஒருவர் மலையெல்லாம் சைக்கிளில் சுற்றிவிட்டு, பையைத் தங்கிய விடுதியிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார். கறுப்பு நிறம், உள்ளே தடித்த பஞ்சு, மேலே முழு நீளத்துக்கும் ஒரே ஜிப்பு, பக்கத்துக்கு மூன்றாக ஆறு கைப்பிடி. எனக்குப் பார்த்தவுடனே பிடித்துப் போயிற்று. பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு, சைக்கிளை நுவரெலியாவுக்கே ஓட்டிப்போனேன். அங்கேயே பைக்குள் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. முன்சக்கரம் வைக்கிற உள்ளறையின் ஜிப்பு மட்டும் பிய்ந்திருந்தது. அதனால் சக்கரத்தை ஒரு வெள்ளை பெட்ஷீட்டில் சுற்றி வெளியே வைத்துக்கொண்டேன்.

ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து நடந்து இறங்குகிற சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொள்ள விடுதியின் வேன் டயகம பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தது. டிரைவர் நல்ல மனிதர். "வாங்க மிஸ், பையோட ஏறுங்க" என்று சிங்களத்தில் சொல்லிப் பின்கதவைத் திறந்தார். பயணத்தில் பை எப்படித் தாங்குகிறது என்று பார்த்துக்கொள்ளலாமே என்று நானும் சந்தோஷமாக ஏறினேன். வழியெல்லாம் மூடுபனி. வெள்ளை வேன், முன்விளக்கும் நாலு மூலை விளக்கும் பளிச் பளிச்சென்று எரிய, நடக்கிற வேகத்தில் தோட்டத்துக்குள் நுழைந்தது. மேலே நின்று பார்ப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று எனக்குக் கொஞ்சமும் தோன்றவில்லை.

லயத்துக்குப் போகும் பாதை வேன் போகிற பாதையல்ல. பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆட்களைப் பேர் சொல்லிப் பிரிக்கிற இடத்தில், வேன் நின்றது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி முடித்து நாலு பேர் கத்தியோடு வந்துகொண்டிருந்தார்கள்.

"டீச்சர் சைக்கிளா? விடுங்க, நாங்க தூக்குறோம்" என்று கத்திகளை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்துக்கு இரண்டு பேராகக் கைப்பிடியைப் பிடித்து நடந்தார்கள். நான் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு, வெள்ளைத் துணி சுற்றிய வட்டமான சக்கரத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். பாதை வழுக்கியது. அதனால் தலையைக் குனிந்துகொண்டே நடந்தேன்.

முதல் கூச்சல் கீழ் லயத்திலிருந்து வந்தது.

அதற்கு முந்தின வருடம் பக்கத்து டிவிசனுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெண்ணின் உடல் வந்தது. பலகைப் பெட்டியை அந்தப் பாதையில் இறக்க முடியாமல், ரோட்டிலேயே திறந்து, கறுப்புப் பையோடு நாலு பேர் தூக்கிப் போனார்கள். தங்கச்சிக்காரி பின்னால் போனாள். தோட்டமே அதைப் பார்த்தது. நானும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் இப்படி வந்துகொண்டிருந்தேன். என்னை என்ன சொல்ல?

எங்கள் பக்கத்தில் சாவு என்றால் கொழுந்து பறிப்பது நிற்கும். யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். கூச்சல் மலைக்கு ஏறிய வேகத்தில், மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையோடு இறங்கத் தொடங்கினார்கள். "அரப்பேரு போனாப் போகுது, எல்லாரும் எறங்குங்க" என்று கங்காணியே சொன்னாராம். அரைப்பேர் என்றால் அன்றைக்குப் பாதி நாள் சம்பளம்தான். எனக்கு இதெல்லாம் தெரியாது. யாரோ செத்துவிட்டார்கள், யாராக இருக்கும் என்று பதறிக்கொண்டு நானும் வேகமாக நடந்தேன். தூக்கி வந்த நாலு பேரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு வாசலில் பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும், எங்கள் அம்மாதான் போய்விட்டாள் என்று முடிவு செய்து, அதில் ஒருவர் பையைப் பிடித்தபடியே அழ ஆரம்பித்துவிட்டார். அவர் அழுததைப் பார்த்து மற்றவர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. கோவில் பக்கம் ஒருவர் சாவுக்கு அடிக்கும் தப்பைக் காய்ச்ச வைக்கோலைக் கொளுத்திவிட்டார்.

அம்மா இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், நின்றுகொண்டிருந்தாள். அவள் அழவில்லை. அதுதான் எனக்கு முதல் அதிர்ச்சி.

"தலையத் தெக்கால வச்சுப் படுக்கப் போடுங்க" என்றாள். "டீவி மேசைய அங்கிட்டுத் தள்ளுங்க. பாய் உள்ள சுருட்டி இருக்கு."

குரல் நடுங்கவே இல்லை. பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தவள் பேசுகிற மாதிரி இருந்தது. யாரைச் சொல்கிறாள் என்று விளங்காமலே அவர்கள் கையிலிருந்த பையை இறக்கினார்கள். அம்மா உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, நான் கண்ணாலும் பார்த்திராத ஒரு சிவப்புப் பட்டுச்சேலையை எடுத்துக்கொண்டு வந்தாள். கடைக்காரர் குத்திய தாள் கூட இன்னும் கழற்றாமல் இருந்தது. பையின் பக்கத்தில் உட்கார்ந்து ஜிப்பை இழுத்தாள்.

சீட்டும் ஹேண்டிலும் தெரிந்தன.

அம்மா ஹேண்டிலைத் தொட்டுப் பார்த்தாள். கையை உள்ளே விட்டுத் துழாவினாள். முழு ஜிப்பையும் திறந்து, பின்சக்கரம் வரைக்கும் தடவிப் பார்த்தாள். "எங்க அவ?" என்றாள். "எங்கடி அவ?" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"யாரும்மா?"

"பெரியவ!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கையில் வட்டமாக, வெள்ளைத் துணியில் நான் பிடித்திருந்தது மலர்வளையமாகத்தான் தெரிந்திருக்கும் என்பதும் சேர்ந்தே விளங்கியது. சக்கரம் கையிலிருந்து நழுவி வாசற்படியில் உருண்டது. "சைக்கிள்மா. இது என் சைக்கிள்மா" என்றேன். அம்மா எழுந்து வந்து, இருபத்தொன்பது வயது டீச்சரை, தோட்டமே பார்க்க, பளாரென்று ஒன்று வைத்தாள். பிறகுதான் உட்கார்ந்து அழுதாள்.

வந்தவர்கள் சிலர் சிரித்தார்கள், சிலர் என்னைத் திட்டினார்கள். யார் மீதும் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. எல்லோரும் போன பிறகு அந்தச் சேலையைக் காட்டி, "இது எதுக்கும்மா வாங்குன?" என்று கேட்டேன்.

"கல்யாணம் ஆகாத புள்ள. ரெண்டுக்கும் ஆகும்னுதான்."

எந்த இரண்டுக்கு என்று நான் கேட்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே விளக்கின் கீழ் இத்தனை வருடம் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறோம். அம்மா தினமும் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது அக்கா வரும் வழியைப் பார்த்தென்று நான் நினைத்திருந்தேன். ஒருவகையில் அது உண்மையும்தான்.

அந்தப் பையை அம்மா வீட்டுக்குள் வைக்க விடவில்லை. நானும் வாதாடவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைசியில் ஹட்டன் முதலாளியின் அட்டைப்பெட்டியில், மழைக்கு மேலே தார்ப்பாய் சுற்றி, ஹேண்டிலையும் கழற்றித்தான் கொண்டு போனேன். போட்டியில் எத்தனையாவதாக வந்தேன் என்பதைக் கேட்காதீர்கள். ஹேண்டில் கோணலாக இருந்தது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் அதெல்லாம் பிறகு. பை வந்தது செவ்வாய்க்கிழமை. பைக்குள் சைக்கிள்தான் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் வெள்ளிக்கிழமை வரை அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை போன் அடித்தது. அக்காவின் குரலைக் கேட்டதும் அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். சாப்பிட்டியா, வெயிலா என்று வழக்கமானதைப் பேசினாள். நடந்ததைச் சொல்லாதே என்று எனக்குக் கண்ணைக் காட்டினாள். எனக்கு வாய் நிற்காது. போனை வாங்கி, ஒலிபெருக்கியைப் போட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அடிப்பாவி, என்னயக் கொன்னுட்டியா?" என்று அக்கா சிரித்தாள். தூக்கி வந்தவர் அழுததைச் சொன்னபோது இன்னும் சிரித்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. பிறகு சிரிப்பு நின்றது.

"மேட்டு லயத்துலருந்து வந்தாங்களா?"

"வந்தாங்க."

"தண்ணி புடிக்கிற பைப்படியில என் முடியப் புடிச்சு இழுத்தாளே, அவ?"

"அவதான் மொதல்ல ஓடியாந்தா. காலுல செருப்பு கூட இல்ல."

"வேலைய நிப்பாட்டிட்டா வந்தாங்க?"

"ஆமாக்கா. மல முழுக்க எறங்கிருச்சு. எல்லாருக்கும் அரப்பேரு."

அம்மா என் பக்கத்தில் வந்து போனுக்குக் காதைக் கொடுத்தாள்.

"தை மாசம் எனக்குக் காச்சல் வந்துச்சு" என்றாள் அக்கா. "ஒம்போது நாளு ஸ்டோர் ரூமுல கெடந்தேன். தண்ணி வச்சுட்டுப் போனாங்க. கதவத் தெறந்து ஒருத்தரும் மொகத்தப் பாக்கல. செத்தா நாத்தம் வந்துதான் தெரியும்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன்."

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. எஜமானியம்மா வெளியூர் போயிருந்தார்கள் என்று அடுத்த வாரம் சொன்னாள். நாங்களும் நம்பியிருந்தோம்.

அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "வந்துருடி. போதும், வந்துரு."

"உசுரோட வந்தா அத்தன பேரும் வருவாங்களாம்மா?"

"வரலன்னா ஒவ்வொரு வீடா நானே போயித் தலமுடியப் புடிச்சு இழுத்துக்கிட்டு வர்றேன். நீ கெளம்பு."

அக்கா அழுதாள். அப்பா போனதைச் சொன்னபோதுகூட போனை வைத்துவிட்டுத்தான் அழுதிருப்பாள்; ஆறு வருடத்தில் அவள் அழுது நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான்.