கஞ்சி நின்ற நாள்

கொருக்குப்பேட்டையில் எங்கள் பள்ளிவாசலில் ரம்ஜான் மாதம் முழுக்க நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். எந்த மதம் என்றெல்லாம் பார்ப்பதில்லை, தூக்குச்சட்டி கொண்டுவந்தவர்களுக்கெல்லாம் உண்டு. பெண்கள் வரிசையைக் கட்டி மேய்ப்பது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானே எடுத்துக்கொண்டது. எனக்குக் குரல் பெரிசு.

போன ரம்ஜானில் ஒருத்தி தினமும் முதல் ஆளாக வந்து நின்றாள். பர்மாவிலிருந்து உயிர் தப்பி ஓடிவந்த ரோஹிங்கியாக்காரி. கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் அப்படி நாலைந்து குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. ஆண்கள் பழைய இரும்பு பொறுக்கி விற்கிறார்கள். உடம்பு முடியாதவர்கள் இருக்கும் வீடுகளுக்கு மட்டும் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து மாதாமாதம் அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுத்துவந்தோம். இவளுடைய மகள் நடக்க மாட்டாள் என்று சொல்லியிருந்தாள். கால் விளங்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். ஊனம் என்றால் எனக்குக் கால்தான். வீட்டுக்குப் போய்ப் பார்க்கவும் தோன்றவில்லை. மூட்டையை வாங்க அவள்தான் வந்துவிடுகிறாளே.

கடைசி வாரத்தில் ஒரு நாள் இரண்டு தூக்கை நீட்டினாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஒரு வூட்டுக்கு ஒரு தூக்குதாம்மா. பின்னாடி இத்தினி பேரு நிக்கிறது கண்ணுக்குத் தெர்ல? மாசா மாசம் அரிசி வாங்கினு போறியே, அத்த இன்னா பண்றே?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. இரண்டாவது தூக்கைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு இரும்புக் கடையில் பழகிய தமிழில் மெல்லக் கேட்டாள்: "அக்கா, பெருநாள் அப்புறம் கஞ்சி கீதா?"

"பெருநாளுக்கு உனுக்கு பிரியாணியே வருது. கஞ்சி எதுக்கு?" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என் வாய்ச் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு.

சொன்னபடியே செய்தேன். பெருநாளன்று புதுப் புடவை கட்டிக்கொண்டு, நானே ஆக்கிய பிரியாணியில் முதல் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. சுவர் ஓரம் துணிமூட்டையில் சாய்ந்தபடி அவள் மகள் கிடந்தாள். எட்டு வயது இருக்கும். கழுத்து நிற்கவில்லை. கடைவாயில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. திக்கென்றது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. பெருந்தன்மை காட்டுகிற வேகம் எனக்கு. அவளை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, நல்ல பஞ்சு மாதிரி கறியாகப் பிய்த்துச் சோற்றோடு உருட்டினேன்.

"ஆ காட்டு கண்ணு."

தாய் பாதி எழுந்தாள். கையை நீட்டினாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, கையை இறக்கிவிட்டாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன்.

பிள்ளை வாசனைக்குச் சிரித்து வாயைத் திறந்தது. ஒரே கவளம்தான். இருமல்கூட வரவில்லை. கண் மேலே போய், உதடு கறுத்தது. தாய் பாய்ந்து வந்து பிள்ளையை முழங்கை மேல் கவிழ்த்து முதுகில் அடித்தாள், தொண்டைக்குள் விரலை விட்டாள். சோறும் கறியும் என் மடியில் வந்து விழுந்தன. கொஞ்ச நேரம் கழித்து மெலிசாக அழுகை கேட்டது.

"கெட்டி சோறு தொண்டைல போவாது அக்கா," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. வீட்டில் வெறும் அரிசியைக் கரைத்து ஊற்றி ஊற்றிப் பிள்ளை துரும்பாகிவிட்டதாம். பள்ளிவாசல் கஞ்சியில் கறி கரைந்திருக்கிறது, தேங்காய்ப்பால் இருக்கிறது. இந்த ஒரு மாதத்தில்தான் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. அன்றைக்கு நீட்டிய இரண்டாவது தூக்கு மறுநாள் காலைக்கு.

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்திலும் எனக்குக் கோபம்தான் வந்தது. "தடுக்கறதுக்கு இன்னாம்மா? வாய்ல வைக்காதன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன்.

அவள் பிள்ளையைத் துணிமூட்டையில் சாய்த்தாள். துப்பட்டா நுனியைத் தண்ணீரில் நனைத்து, என் முன்னால் மண்டிபோட்டு, புடவையில் ஒட்டியிருந்த பருக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தாள்.

"அக்கா, கோவம் வேணா. அடுத்த மாசம் அரிசி நிறுத்த மாட்டே இல்ல?"

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அதைப் பார்த்த பிறகுதான் அவள் திரும்பி, பிள்ளையின் வாயைத் துடைத்தாள்.