அண்ணி வடித்த இலை

மாலை நாலேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. ஆய்வுக்கூடத்துத் தலைவர். அண்ணன் குளித்துக்கொண்டிருந்ததால் என்னிடமே சொன்னார். "இலை தாங்கிடுச்சும்மா. இன்னிக்கோட ஒரு வருஷம் முழுசாச்சு. ஒரு இடத்துலகூட உரியல."

ஒரு வருஷம் தாங்கினால் இன்னும் எட்டு மருத்துவமனைக் கூரைகளுக்கு அனுமதி. தாங்காவிட்டால் குழுவையே கலைத்துவிடுவார்கள் என்று இருந்தது. ஈரத் தலையோடு வந்த அண்ணனிடம் சொன்னேன்.

"தாங்காம போகுமா?" என்றான். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் தலை துவட்டினான்.

அந்த இலையைச் செய்த ஐந்து பேரில் ஒருவர் அவன் மனைவி, என் அண்ணி. மரத்து இலை அல்ல. உள்ளங்கை அகலக் கண்ணாடித் தகடு, அதன்மேல் மெல்லிய பழுப்புப் பூச்சு. தண்ணீர்த் தட்டில் அமிழ்த்தி வெயிலில் வைத்தால், அது தண்ணீரைப் பிரித்து எரிவாயுவைக் குமிழ் குமிழாக விடும். அதைத் தொட்டியில் சேர்த்து இரவில் மின்சாரமாக்கிக்கொள்ளலாம். புகை இல்லை, சத்தம் இல்லை. பச்சை இலை வெயிலைக் கொண்டு தனக்குச் சமைத்துக்கொள்கிறது, இது நமக்கு விளக்கேற்றுகிறது என்று அண்ணி விளக்குவார். "இலைன்னு சொல்லிட்டு, கடைசியில இல்லைன்னு கைய விரிச்சிடாதே" என்று அண்ணன் கேலி செய்வான்.

அண்ணி வேதியியல் படித்தவர். தகடுகளுக்குப் பூச்சிடுவது அவர் வேலை. அவர் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்களுக்குள் ஒரே ஒரு சண்டைதான். ஆனால் அது ஓய்ந்ததே இல்லை. நான் பாத்திரங்களை ராத்திரி ஊறப் போட்டுவிட்டுப் படுக்கிற ஆள். அவரோ கழுவி, வடித்து, துடைத்துக் கவிழ்க்காமல் அடுக்களை விளக்கை அணைக்கமாட்டார். ஊற வைத்தால் கறை போவதற்கு முன்னால் பாத்திரம் போய்விடுமாம். நாத்தனார் குறை சொல்ல, அண்ணி கேட்டுக்கொள்வதுதான் ஊர் வழக்கம், இந்த வீட்டில் எல்லாம் தலைகீழ் என்று நானும் முணுமுணுப்பேன்.

ஆய்வுக்கூடத்துக்குள் மின்விளக்கின் அடியில் மாதக்கணக்கில் உழைத்த இலைகள், மொட்டைமாடி வெயிலில் வைத்த சில வாரங்களிலேயே பூச்சு உரிந்து செத்தன. வீட்டில் புலி, வெளியில் எலி என்று மற்ற பிரிவுக்காரர்கள் சிரித்தார்கள். பூச்சை மாற்றினார்கள், கண்ணாடியை மாற்றினார்கள். எலி எலியாகவே இருந்தது. கடைசியாக ஒரு வாய்ப்பு தருகிறோம் என்றது நிர்வாகம்.

அந்தக் கடைசிச் சோதனையில் அண்ணி ஒரு தவறு செய்தார். மாடியில் அன்று மாலை அவர் முறை. தட்டுகளில் இருக்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்பது கட்டளை. அளவுகளைக் குறித்துக்கொண்டு, குடுவைகளைக் கழுவினார். கழுவிய கையோடு, முதல் வரிசைத் தட்டுகளின் தண்ணீரையும் வடித்து, இலைகளைத் துணியால் ஒற்றி வைத்துவிட்டார். அடுத்த வரிசைக்குக் கை நீண்டபோதுதான் தான் நிற்பது அடுக்களையில் இல்லை என்று உறைத்ததாம்.

உடனே கீழே போய்த் தலைவரிடம் சொன்னார். "இது என்ன உங்க வீட்டுத் தொட்டியா? அந்த வரிசை இனி கணக்குலயே வராது" என்று அவர் கத்தினார்.

"கெடுத்தது கெடுத்தாச்சு சார். இனிமே தினமும் ஒழுங்கா கெடுக்கறேன்" என்றார் அண்ணி.

அப்படியே செய்தார். மாலையில் வடிப்பார், காலையில் நிரப்புவார். சில வாரங்களில் மற்ற வரிசைகள் வழக்கம்போல உரிந்தன. கணக்கில் வராத வரிசை மட்டும் புதுக் கருக்கு மாறாமல் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். பகலில் வெளிச்சம் தரும் விசையே பூச்சைக் காக்கிறது; இருட்டியதும் அந்தக் காவல் போய், அதே தண்ணீர் பூச்சை அரிக்கத் தொடங்குகிறது. ஆய்வுக்கூடத்தில் விளக்கை அணைப்பதே இல்லை. ராத்திரி என்ற ஒன்றையே அந்த இலைகள் பார்த்ததில்லை, அவற்றைச் செய்தவர்களும் யோசித்ததில்லை. தலைவர் எல்லோரையும் கூட்டி அண்ணியைப் பாராட்டியபோது, "நான் கண்டுபிடிக்கல சார், மறந்துட்டேன்" என்றாராம். அன்று முதல் அங்கே மாலையில் விடைபெறும் வார்த்தையே "வடிச்சாச்சா?" என்றானது.

பிறகுதான் எங்கள் தெருக்கோடிப் பிரசவ மருத்துவமனையின் கூரையில் ஒரு வருஷச் சோதனை. அங்கே மின்சாரம் போனால் டீசல் எந்திரம் ஓடும். பிள்ளை பெற்றவர்கள் புகைக்குப் பயந்து சன்னலைச் சாத்திக்கொண்டு புழுங்குவார்கள். இலைகளைப் பதித்தவர் அண்ணி. மழைக்காலத் தொடக்கத்தில், ஒரு காலையில், அவர் இதயம் நின்றுபோனது.

வடிப்பதற்கு ஆள் அனுப்புவதாகத் தலைவர் சொன்னார். வேண்டாம் என்று அண்ணனே போனான். குடித்த தம்ளரைக்கூட எடுத்து வைத்தறியாதவன். முதல் நாள் சொட்டச் சொட்ட ஈரத்துணியால் துடைத்திருக்கிறான். "சார், துணியைப் பிழிஞ்சிட்டுத் துடைக்கணும். உங்க வீட்டம்மா சொல்லித் தரலியா?" என்று தலைமை நர்ஸ் கேட்டாராம். வந்து சொல்லிச் சிரித்தான். அண்ணி போன பிறகு எங்கள் வீட்டில் யாரும் சிரித்தது அதுதான் முதல் தடவை. மழையிலும் காய்ச்சலிலும் அவன் ஒரு மாலையைக்கூட விடவில்லை.

இன்று மாலை இருவருமாகப் போனோம். டீசல் எந்திரத்தைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க மின்சாரம் போனது. பிரசவ அறையில் மட்டும் விளக்கு அசையாமல் நின்றது. தலைமை நர்ஸ் சன்னல்களை அகலத் திறந்துவிட்டு, கீழே நின்ற எங்களைப் பார்த்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கினார். ஆய்வுக்கூடத்துக்காரர்கள் கைதட்டினார்கள். தெருவில் நின்றவர்களும் காரணம் தெரியாமலே தட்டினார்கள்.

அண்ணன் மாடிக்குக் கிளம்பினான். சோதனைதான் முடிந்துவிட்டதே, இன்றைக்கு விடுங்கள் என்றார் தலைவர்.

"சோதனை முடிஞ்சா ராத்திரி வராதா சார்?" என்று படியேறிவிட்டான்.

எட்டுக் கூரைகளுக்குமான இலைகளை அடுத்த வாரமே செய்யத் தொடங்குகிறார்களாம். அண்ணியின் மேசையை இனிப் புதிதாக வருபவருக்குத் தர வேண்டும் என்று தலைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதன்மேல் அண்ணி பூச்சிட்ட இலை ஒன்று சட்டத்தில் இருக்கிறது. இதுவரை யாரும் தொடவில்லை. தண்ணீர் புகாமலிருக்க நான்கு விளிம்புக்கும் பசை இட வேண்டும். மூன்றுக்குத்தான் இட்டிருக்கிறார்.