மாமனார் பேரில் ஒரு கைதி

வெள்ளிமலை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸும் கம்ப்யூட்டரும் வைத்துக் கடை போட்டிருக்கிறேன். சாதிச் சான்றிதழ், பட்டா, பரீட்சை முடிவு, எது கேட்டாலும் எடுத்துக் கொடுப்பேன். கூடவே திட்டும் கிடைக்கும். "பொறந்த தேதி தெரியாம இன்னாத்துக்கு வந்த?" என்று நான் கத்தாத நாளே இல்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் பிழைக்க வந்தவள் நான். என் வாய் இந்த ஊருக்குப் பழகிப்போய்விட்டது.

அந்த இரண்டு பெண்களும் வந்தபோதும் முதலில் எரிந்துதான் விழுந்தேன். மழை பிடித்த மதியம், கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. அக்காளும் தங்கையுமான அவர்கள் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். காப்பித் தோட்ட வேலை என்று ஒரு ஏஜெண்டோடு ஜீப்பில் ஏறிப் போன புருஷன்மார் இருவரிடமிருந்தும் மூன்று வாரமாகப் பேச்சில்லை. காப்பித் தோட்டமாவது மண்ணாவது! ஆந்திராக் காட்டில் செம்மரம் வெட்டத்தான் கூட்டிப்போகிறார்கள் என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

"ரெண்டு போனும் சுச்சாப்புன்னே வருதுக்கா," என்றாள் தங்கை. "ஜெயில்ல இருக்கறவங்க பேரு கம்ப்யூட்டர்ல வருமாமே. கொஞ்சம் பாருங்கக்கா."

"ஜெயில்லயாச்சும் இருக்கணும்க்கா," என்றாள் அக்காள், மெதுவாக.

ஜெயிலில் இல்லையென்றால் வேறு எங்கே என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன வருஷம் மரம் வெட்டப் போனவன் ஒருவனைப் பிணமாக ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊருக்கு ஒரு ஆம்புலன்ஸ் ஏறிப் போனதை மூன்று பேருமே பார்த்திருந்தோம்.

சிறையில் இருப்பவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் பதிவு செய்வதற்கென்று ஒரு இணையப் பக்கம் இருக்கிறது. மாநிலம், சிறை, பெயர் எல்லாம் கொடுத்தால் ஆள் இருக்கிறாரா என்று காட்டும். பெரியவன் பெயரை அடித்தேன். விவரம் இல்லை என்று வந்தது. சின்னவன் பெயருக்கும் அதே. சிறை சிறையாக, எழுத்தை மாற்றி மாற்றி மூன்று நாள் தேடினேன். ஒவ்வொரு முறையும் விவரம் இல்லை என்கிற அதே வரி. அக்காளுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் அந்த வரி எப்படி இருக்கும் என்று அவளுக்குப் பழகிவிட்டது. நான் சொல்வதற்கு முன்பே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

நான்காம் நாள் என்னால் எரிச்சலை அடக்க முடியவில்லை. "இனிஷியலு இன்னாடி? முழுசா சொல்லித் தொலைங்க!" மாமனார் பெயரைச் சொல்லக் கூசிக்கொண்டு, தங்கை ரேஷன் கார்டை நீட்டி விரலால் காட்டினாள். அந்தப் பெயரை மட்டும் அடித்தேன். வந்துவிட்டது.

செத்து ஆறு வருஷமான மாமனார் ஆந்திராவில் ஒரு சிறையில் இருந்தார். ஊர்ப் பெயரில் எழுத்துப்பிழை இருந்தது, ஆனால் இவர்கள் ஊர்தான். "ஐயோ சாமி," என்று தங்கை எழுந்தே நின்றுவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் மண்டையில் உறைத்தது. நமக்கு இனிஷியல் ஒற்றை எழுத்து. ஆந்திராப் பக்கம் அதை அப்பன் பெயராக விரித்து முன்னால் எழுதுவார்கள். பதிவு செய்தவர் பெயர்க் கட்டத்தில் முன்பாதியோடு நிறுத்திவிட்டார். அப்பன் பெயரில் மகன் உள்ளே இருக்கிறான்.

"கெடைச்சிட்டாங்கடி!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் பார்த்தேன், பட்டியலில் ஒரு ஆள்தான். மேலே தள்ளிப் பார்த்தேன், கீழே தள்ளிப் பார்த்தேன். ஒரே ஒரு ஆள். அப்பன் பெயர் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது. வயது முப்பது என்று போட்டிருந்தது. பெரியவனுக்கு முப்பத்தொன்று, சின்னவனுக்கு இருபத்தொன்பது.

"யாருக்கா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"ஒரு ஆளுதான் காட்டுது. எந்த ஆளுன்னு தெரியல."

அதற்குப் பிறகு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஒட்டி உட்கார்ந்திருந்த பெஞ்சில் நடுவே கொஞ்சம் இடம் விழுந்தது.

பார்க்கப் போவதற்கான பதிவில் உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. "ரெண்டு பேரையும் சம்சாரம்னே போடுங்கக்கா. நேர்ல போயி பாத்துக்கறோம்," என்றாள் அக்காள்.

"ஒரு ஆளுக்கு ரெண்டு சம்சாரம்னா கேட்லயே நிறுத்திடுவான். அறிவு இருக்குதா உனக்கு?" என்று சீறினேன். கோபம் அவள்மேல் இல்லை. யாரை மனைவி என்று அடிப்பது என்கிற வேலை என் தலையில் வந்து விடிந்ததே என்றுதான். கடைசியில், மூத்தவள் என்று அக்காளை மனைவியாகவும் தங்கையைச் சகோதரியாகவும் போட்டேன். கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது மாதிரி அக்காள் முகம் தெளிந்தது.

பாஷை தெரியாத ஊர் என்பதால் கடையைப் பூட்டிவிட்டு நானும் துணைக்குப் போனேன். கள்ளக்குறிச்சியில் இறங்கி, பஸ் மாறி மாறி, மறுநாள் காலை சிறை வாசலில் போய் நின்றோம். வழியெல்லாம் தங்கை வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். அக்காள்தான் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். அதை வாங்கிக் குடிக்கும்போதும் தங்கை அவளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அந்த ஏஜெண்டு நாசமாய்ப் போக என்று நான் ஜன்னலோரம் உட்கார்ந்து சபித்துக்கொண்டே வந்தேன்.

வாசலில் இருந்த காவலர் சீட்டைப் பார்த்துவிட்டு, மனைவி முதலில் போகட்டும் என்று கையைக் காட்டினார். அக்காள் உள்ளே போனாள். நானும் தங்கையும் புங்கமரத்தடியில் உட்கார்ந்தோம். தங்கை கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தாள். என்ன வேண்டிக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அது பலித்தால் அக்காளுக்கு என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அக்காள் வெளியே வந்துவிட்டாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நேராகத் தங்கையிடம் வந்து, கலைந்திருந்த அவள் முடியை ஒதுக்கிவிட்டாள்.

"உன் வூட்டுக்காரருதான்டி. நல்லா இருக்காரு. போ, போயி பாத்துட்டு வா."

தங்கை சிரித்துவிட்டாள். சிரித்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அக்காள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவரு எங்கன்னு கேட்டேன்க்கா," என்றாள். "'அண்ணி'ன்னாரு. அதுக்கு மேல வாயே தொறக்கல."