நாற்பது காட்டுத்தாராக்கள்

போன கிழமை விடியற்காலையில் ஏறாவூர் வாவிக்கரை வயலொன்றில் முழங்கால் சேற்றில் நின்றேன். தண்டனைதான்... நானே தேடிக்கொண்டது!

வாவிப் பறவைகளை எண்ணும் வித்தையை இந்தப் பத்திரிகைப் பத்தியில் முன்பு அளந்திருந்தேனே — பத்துப் பறவையை எண்ணு, அந்தப் பத்து பிடிக்கும் இடத்தைப் பார், அப்படி எத்தனை இடமென்று பெருக்கு. அதையும் ஒருவர் நம்பிவிட்டார். அரசாங்கக் கந்தோர் அதிகாரி!

வயல்காரர் மீராலெவ்வைக் காக்கா — எங்கள் பக்கம் மூத்தவரைக் காக்கா என்போம் — அந்த அதிகாரியிடம் மனுக் கொடுத்திருந்தார். விதைத்த நெல்லைக் காட்டுத்தாரா, அதுதான் காட்டு வாத்து, தின்கிறது, துவக்குக்குத் தோட்டா வேண்டும். யுத்த காலத்தில் தோட்டா சும்மா கிடைக்குமா? தாராக்களை எண்ணித் தரும்படி எனக்குக் கடிதம் வந்தது.

தொப்பி, தூரக்கண்ணாடி, கட்டுச்சோறு சகிதம் போனேன். போன நேரம்? பகல் பதினொரு மணி. விடிய எழும்பும் வழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. காக்கா அன்று ஓட்டமாவடிக்குப் போயிருந்தார். வயலில் நாற்பது தாரா. இரண்டு முறை எண்ணி எழுதி, வளைத்து வளைத்துக் கையெழுத்தும் போட்டேன்.

நாற்பதுக்கு எதற்குத் தோட்டா? மனு தள்ளுபடி.

காக்கா வந்தார். திட்டவில்லை.

"தம்பி, நாளைக்கு விடிய, சுபஹுத் தொழுகை முடியிற நேரம் வாங்க."

போனேன். சேறே தெரியவில்லை — அத்தனை தாரா! பத்தை எண்ணுவதற்குள் இன்னொரு கூட்டம் அதன் மேலேயே இறங்கியது. காக்காவின் மனைவி தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினார். எழும்பிய கூட்டம் அடுத்த வரம்பில் உட்கார்ந்தது.

"இப்ப எண்ணுங்க."

"நான் அண்டைக்கு வந்தப்ப இதெல்லாம் எங்க காக்கா?"

"வெயில் ஏறினா வாவி நடுவில போய்ப் படுத்திடும். நீங்க கண்டது, திண்ட தீனியில பறக்க ஏலாமக் கிடந்த நாற்பது."

"திரும்ப விதைச்சா என்ன?"

"எதை? விதைநெல் முழுக்க அதுகள்ற வயித்துக்குள்ள. கூப்பனுக்குத் தாற சோத்தரிசிய விதைக்கச் சொல்றீங்களோ?"

அன்றே புதிய எண்ணிக்கையோடு கந்தோருக்கு ஓடினேன். பைல் மூடியாகிவிட்டதாம். முதல் எண்ணிக்கை தெளிவாக இருந்தது, நன்றி என்றார் அதிகாரி.

காக்கா திருகோணமலைக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டார். மனைவியும் ஐந்து பிள்ளைகளும் அவருடைய தம்பி வீட்டில்.

நேற்று விடியவே எழும்பி அந்த வயலுக்குப் போனேன். ஒரு தாராவும் இல்லை... இந்த எண்ணிக்கையில் மட்டும் எனக்குச் சந்தேகமே கிடையாது.